ரத்தம் எடுத்த பிறகே மாத்திரை

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். விரலில் எப்படிக் குத்துவது, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை எப்படித் தடவுவது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, இவருடைய சர்வீஸில் ஒரு கறை கிடையாது என்று பேசினார்கள். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. மற்றதெல்லாம் நடந்தபடி.

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானல் மலையில் மலேரியா இன்ஸ்பெக்டராக இருந்தேன். கொடைக்கானலில் ஏதய்யா கொசு என்று கீழே இருப்பவர்கள் கேலி செய்வார்கள். ஏரியைச் சுற்றிக் கம்பளி போட்டு நடப்பவர்களுக்கு அந்தக் காய்ச்சல் தெரியாது. மலையின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால் ஓடையும் மூங்கிலுமாகச் சரிவுகள் இருக்கும். குளிர் அங்கே எட்டாது. அங்கேதான் காய்ச்சல் இருந்தது, நம் வேலையும் அங்கேதான்.

எனக்குக் கீழே சில ஊழியர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேட்பார்கள். இருந்தால் விரலில் குத்தி ஸ்லைடு எடுப்பார்கள். அதன் பிறகு நாலு மாத்திரை கொடுப்பார்கள். இந்த வரிசை முக்கியம். மாத்திரை முதலில் உள்ளே போய்விட்டால் ரத்தத்தில் கிருமி அகப்படாமல் போகலாம். பிறகு காய்ச்சல் எந்த ஊரில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நல்ல விதிதான். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த விதியை நான் சாமி மாதிரி கும்பிட்டேன். பாச்சலூர்ப் பக்கம் வேலை பார்த்த ஓர் ஊழியரிடம் ஸ்லைடு குறைவாகவும் செலவான மாத்திரை அதிகமாகவும் இருந்தன. விசாரித்தேன். ஊசியைக் கண்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கிறார்கள், காய்ச்சல் கொதிக்கிறது, மனசு கேட்காமல் கொடுத்துவிட்டேன் என்றார். மேலே எழுதினேன். அவருக்கு வேலை போயிற்று. ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு வருத்தம் வரவில்லை. கண்டிப்பான அதிகாரி என்று பெயர் வந்தது, அது பிடித்திருந்தது.

மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது எங்கள் மலையின் மேற்கே கோடு விழுந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத் தோட்டங்கள். சரிவுகளில் இருக்கும் மலை ஜனங்கள் பருவத்துக்குக் காய் பறிக்கப் போவார்கள், திரும்புவார்கள். அவர்கள் காலுக்கு அந்தக் கோடு தெரியாது. கொசுவுக்கு எல்லை கிடையாது என்று நாங்களும் எல்லா மீட்டிங்கிலும் சொல்லி டீ குடிப்போம். ஆனால் எங்கள் தாள்கள் எல்லையில் நின்று நின்றுதான் வந்தன. அங்கே ஒருவருக்குக் கிருமி கண்டுபிடித்தால் அந்தச் சீட்டு அவர்கள் மேலதிகாரிக்குப் போய், எங்கள் மேலதிகாரிக்கு வந்து, அப்புறம் மலையேறி என்னிடம் வரவேண்டும்.

அப்படி ஒரு சீட்டு வந்தது. சடையன் என்ற மலை ஜாதிக்காரர், ஏலத் தோட்டத்தில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், கிருமி இருக்கிறது. முடிவு வருவதற்குள் ஆள் ஊர் திரும்பிவிட்டார். ஊர், மன்னவனூருக்குக் கீழே மேற்குச் சரிவில். சீட்டு என் கைக்கு வந்தபோது அவர் ஊர் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அதற்குள் எத்தனை கொசு அவரைக் கடித்ததோ.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் பகுதியில் வெகுநாளாக உள்ளூர்க் காய்ச்சல் ஒன்றுகூட இல்லை. சில மாதத்தில் ஒரு குழு வந்து பார்க்கப் போகிறது. அவர்கள் திருப்தியானால் சுத்தமான பகுதி என்று அறிவித்து, சுவரில் மருந்தடிப்பதையும் நிறுத்திவிடுவார்கள். வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்த காய்ச்சல் எங்கள் கணக்கில் சேராது. இங்கேயே ஒருவருக்குத் தொற்றினால் சேரும். வெண்ணெய் திரளும்போது தாழி உடையக் கூடாதே என்ற கவலை எனக்கு.

மன்னவனூரில் உருளைக்கிழங்கு வயல்களைத் தாண்டி அரை நாள் இறங்கினால் அந்த ஊர். பதினேழு குடிசை, ஒவ்வொன்றிலும் எங்கள் ஆட்கள் எண் எழுதியிருந்தார்கள். சடையனுக்கு மாத்திரை கொடுத்தேன். விதிப்படி ஊரில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தேன். ஊருக்குக் கொஞ்சம் தள்ளி, ஓடைப் பக்கம், பதினெட்டாவதாக ஒரு சின்னக் குடிசை இருந்தது. புகை வந்துகொண்டிருந்தது. அதில் எண் இல்லை. என்ன என்று கேட்டேன். அது வீடு இல்லை, பிள்ளை பெற்றவர்கள் தீட்டுக் கழியும்வரை இருக்கிற இடம், ஆண்கள் பக்கத்தில் போகக் கூடாது என்றார்கள். உள்ளே இருந்தவள் சடையனின் மனைவி செல்லி. ஆண் குழந்தை பிறந்து சில நாள்தான். காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். திரும்பி வந்து, எல்லா வீடுகளிலும் ரத்தம் எடுக்கப்பட்டது என்று எழுதினேன். எண் போட்ட வீடு எல்லாவற்றிலும் எடுத்திருந்தேனே!

பதினைந்து நாள் கழித்து மறுபடி போனேன். சடையன் ஊரில் இல்லை, கல்பாசி எடுக்கக் காட்டுக்குள் போய் நாலைந்து நாள் ஆயிற்று. அவருடைய அக்காள் நாகி என்னை வழியிலேயே மறித்தாள். முப்பது வயதிருக்கும். புருஷன் இல்லாதவள், தம்பி வீட்டோடு இருந்தாள். செல்லிக்குச் சோறு தண்ணீர் கொண்டுபோய் வைப்பவள் அவள் ஒருத்திதான். மற்றப் பெண்கள் அந்தக் குடிசைப் பக்கம் வருவதில்லை.

செல்லிக்கு மூன்று நாளாகக் குளிரும் காய்ச்சலும், நேற்றிலிருந்து ஏதேதோ பிதற்றுகிறாள் என்றாள். நான் குடிசைக்குப் பத்தடி தள்ளி நின்றேன். உள்ளே முனகல் கேட்டது. குழந்தையும் அழுதது. என் தோள் பையில் ஊசி, ஸ்லைடு, மாத்திரை எல்லாம் இருந்தன.

படலின் இடுக்கு வழியாக விரலை மட்டும் நீட்டச் சொல், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்திவிடுகிறேன் என்றேன். கூடாது என்று நாகி தலையை ஆட்டினாள்.

"தீட்டோட கெடக்கையில அந்த ரத்தம் ஆம்பள கையில போகக் கூடாது சாமி. போனா பிள்ளைக்கு ஆகாது. நீங்க மாத்திரைய எங்கையில குடுங்க. தண்ணியோட உள்ள கொண்டுபோய் நானே குடுத்துர்றேன்."

"ரத்தம் எடுக்காம மாத்திரை குடுக்கக் கூடாதும்மா," என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. காய்ச்சல் அவளுக்கு இருக்கிறது, மாத்திரை என்னிடம் இருக்கிறது, நடுவில் என்ன தடை என்பது போல் பார்த்தாள். மறுபடி கையை நீட்டிக் கேட்டாள். நான் ஸ்லைடின் அவசியத்தை அவளுக்கு விளக்கினேன். ஓர் ஆள் உள்ளே பிதற்றிக்கொண்டிருக்கும்போது, பத்தடியில் நின்று பாடம் நடத்தினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் கையில் இருந்தது நல்ல சுரைக்காய். நான்தான் அதை ஏட்டுக்குள் வைத்துப் பூட்டினேன்.

நடந்தபடி எழுதுகிறேன் என்றேன் அல்லவா? அப்போது என் மனதில் ஓடியது விதி மட்டும் அல்ல. செல்லி அந்த வருடம் எல்லை தாண்டிப் போகாதவள். அவளுக்கு மலேரியா என்றால் அது உள்ளூர்க் காய்ச்சல். இல்லை, இது பிரசவக் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று நம்ப விரும்பினேன். கிருமி இல்லாத ஒரு ஸ்லைடு என் கையில் இருந்தால் யாரும் பிறகு கேள்வி கேட்க முடியாது. ஸ்லைடு எனக்குத் தேவைப்பட்டது. செல்லிக்குத் தேவைப்பட்டது மாத்திரை.

பெண் பிள்ளை வந்தால் ரத்தம் எடுக்க விடுவீர்களா என்று நாகியிடம் கேட்டேன். நர்ஸம்மா வந்தால் பரவாயில்லை என்றாள். மன்னவனூர்ப் பகுதிக்கு ஒரு மிட்வைஃப் உண்டு. அழைத்து வருகிறேன் என்று கிளம்பினேன். நாகி ஓடை வரை பின்னால் வந்தாள். "வெரசா வந்துருங்க சாமி" என்று மட்டும் சொன்னாள்.

நான் நடக்கவில்லை, ஓடினேன் என்றே சொல்லலாம். அதில் குறை வைக்கவில்லை. மாலையில் மன்னவனூர் போய்ச் சேர்ந்தால் மிட்வைஃப் இல்லை. வேறொரு கிராமத்தில் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். மறுநாள் வெள்ளனே அங்கே போனேன். பிரசவம் முடியவில்லை. அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று எப்படிச் சொல்வது? மதியம் வரை அந்த வீட்டு வாசலில் நின்றேன். அவர் கையைக் கழுவிவிட்டு ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் என்னோடு வந்தார். நாங்கள் கீழே இறங்கிச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் அந்த ஊரை விட்டுக் கிளம்பி ஒன்றரை நாள்.

மிட்வைஃப் சிஸ்டர் உள்ளே போனார். சிறிது நேரத்தில் படல் வழியாக ஸ்லைடு வெளியே வந்தது. விதிப்படி, முதலில் ஸ்லைடு. பிறகு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துப் புகட்டிப் பார்த்தார். செல்லியால் விழுங்க முடியவில்லை. கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. இருட்டும் முன்பே எல்லாம் முடிந்தது.

சிஸ்டர் ஓடையில் கை கழுவும்போது என்னைப் பார்க்காமலே கேட்டார்: "நேத்து வந்தப்பவே பேக்ல டேப்லட் இருந்துச்சா சார்?"

இருந்தது என்றேன். மறுநாள் ஏறி வரும்போது அந்த அரை நாள் வழியிலும் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்லைடு கீழே போயிற்று. கிருமி இருந்தது. அன்று நாலு மாத்திரை கொடுத்திருந்தால் செல்லி பிழைத்திருப்பாள் என்று அடித்துச் சொல்ல முடியாது. பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொல்ல முடியாது. ஒன்றரை நாள் என்பது அந்தக் காய்ச்சலில் சின்னப் பொழுது அல்ல. இதை நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், பதில் மாறவில்லை.

ஒவ்வொரு சாவுக்கும் விசாரணைத் தாள் ஒன்று உண்டு. என் அதிகாரி கெட்டவர் அல்ல. என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். செல்லியும் புருஷனோடு தோட்டத்துக்குப் போய் வந்தவள் என்று எழுதிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. அப்படி எழுதினால் அந்த ஊருக்கு மருந்தடிக்க ஆள் வராது, இன்னொருவர் சாவார். உள்ளூர்க் காய்ச்சல் என்றே எழுதினேன். எங்கள் சுத்தமான பகுதி அதோடு போயிற்று.

அடுத்து, சிகிச்சை தாமதமானதற்குக் காரணம் என்ற கட்டம். அங்கே பேனா நின்றது.

"அவங்க ரத்தம் குடுக்கமாட்டேன்னாங்கல்ல? அப்ப மறுப்புதானே. எழுதுங்க," என்றார் அதிகாரி.

வீட்டார் மறுத்ததால் தாமதம் என்று எழுதினேன். அதில் பொய் என்று எதைக் காட்ட முடியும்? எதை மறுத்தார்கள் என்று மட்டும் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மருந்தடிக்கும் குழு போயிற்று. குடிசைக்குள் மருந்தடிக்க ஊர் ஜனங்கள் தயங்கியிருக்கிறார்கள். குழுவின் மேஸ்திரி என் தாளைப் படித்தவர். அவர்களை இணங்க வைக்க அதையே எடுத்துச் சொல்லியிருக்கிறார். போன தடவை மருந்து வேண்டாம் என்று சொல்லித்தானே ஒரு பச்சை உடம்புக்காரி செத்தாள், இப்போது இதையும் வேண்டாம் என்பீர்களா என்று. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஜனங்கள் வழிவிட்டார்கள். பதினேழு குடிசையிலும், ஓடைப் பக்கக் குடிசையிலும் மருந்தடித்தார்கள். அதன் பிறகு அந்த ஊரில் மலேரியாவால் யாரும் சாகவில்லை.

ஆனால் அன்று குடிசை வாசலில் இருந்தவர்கள் நானும் நாகியும் மட்டும்தான். மருந்து வேண்டாம் என்று யார் சொல்லியிருப்பார்கள்? நாகிதான் என்று ஊர் கணக்குப் போட்டுவிட்டது.

கிருமி கண்டவரிடம் மாதம் ஒருமுறை, ஒரு வருடத்துக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். சடையனிடம் எடுக்க நானே போனேன். ஊழியரை அனுப்பியிருக்கலாம், மனம் ஒப்பவில்லை. விரலை நீட்டுவார், எடுத்துக்கொள்வேன். முதல் மாதம் நாகியைக் காணவில்லை. இரண்டாம் மாதம் ஊர்க் கோடியில் ஒரு மரத்தடியில் தனியாக அடுப்பு வைத்து, குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் குழந்தையைத் துணியால் மூடிக்கொண்டு முதுகைத் திருப்பினாள். மூன்றாம் மாதமும் அப்படியே. அவளோடு யாரும் பேசுவதில்லை என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள முடிந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. மடியில் கனம் இருந்தது.

நாலாம் மாதம். காலைப் பொழுது. ஊரில் பாதிப் பேர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நாகி குழந்தையோடு அதே மரத்தடியில் இருந்தாள். நான் ஊசியை எடுத்தேன். சடையன் விரலை நீட்டவில்லை.

"ஒரு சேதி கேக்கணும் சாமி," என்றார். "மருந்தடிக்க வந்தவுக, எங்க வீட்டுல மாத்திர வேண்டாம்னு சொன்னதா தாள்ல எழுதியிருக்குன்னாக. எங்கக்கா, 'நான் கேட்டேன், அவுகதான் குடுக்கல'ன்னு சொல்லுது. அன்னையிலேருந்து அதோட நான் பேச்சு வச்சுக்கல. சர்க்கார் தாள் பொய் சொல்லாதேன்னுட்டு. எது நெசம்?"

மேஸ்திரி சொன்னது எனக்கு அப்போதுதான் தெரியும். நான் எழுதிய ஒரு வரி மலை இறங்கி வந்து, ஒரு பெண்ணை மரத்தடியில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தது. அவளோ, செத்தவளின் குழந்தையை வளர்த்துக்கொண்டிருப்பவள்.

விதியை விளக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ரத்தம் கொடுக்க மறுத்ததும் உண்மைதானே என்று வாய் வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் இதை எழுதும் யோக்கியதை எனக்கு இருந்திருக்காது.

எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "உங்கக்கா மாத்திரை கேட்டாங்க. ரெண்டு வாட்டி கை நீட்டிக் கேட்டாங்க. பையில இருந்துச்சு. நான்தான் குடுக்கல. தாள்ல தப்பா எழுதினதும் நான்தான்."

அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சடையன் மரத்தடிப் பக்கம் திரும்பி, "அக்கா" என்று கூப்பிட்டார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே மேலே ஏறி, அந்தக் கட்டத்தில் எழுதியது தவறு, தாமதத்துக்குக் காரணம் நானே என்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. ஃபைலில் சேர்த்துவிட்டதாக ரொம்ப நாள் கழித்து ஒரு குமாஸ்தா சொன்னார். மாத்திரைக் கணக்கைப் பார்த்து நான் வேலையை விட்டு அனுப்பிய அந்த ஊழியரைத் தேடி ஒட்டன்சத்திரம் மண்டிக்கும் போனேன். அவர் அங்கிருந்து போய்விட்டிருந்தார். கண் கெட்ட பிறகு செய்கிற நமஸ்காரங்கள் இவை. விதிகளை மீறுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்? விதி யாருக்காக வந்தது என்பதை மட்டும், பையைத் திறக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காலையில் நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. தம்பி கூப்பிட்ட பிறகு நாகி எழுந்து வந்தாள். சடையன் பக்கத்தில் போகவில்லை. நேரே என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மூடியிருந்த துணியை விலக்கி, குழந்தையின் காலை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"நேத்தேருந்து மேலு சுடுது," என்றாள். "இவனுக்கும் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது. பஞ்சை நனைத்துக் குழந்தையின் கால் பெருவிரலைத் துடைத்தேன். ஊசியை எடுத்ததும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"மொதல்ல மாத்திரைய எங்கையில குடுங்க சாமி. அப்புறம் குத்துங்க."

ஊசியைக் கீழே வைத்தேன். ஒரு மாத்திரையை நாலாக உடைத்து, அதில் ஒரு கால் பங்கைத் தாளில் மடித்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் விரல்களை மூடிக்கொண்டாள். அதன் பிறகு குழந்தையின் காலை என் பக்கம் விட்டாள்.